டெட் ஸ்பேஸ் 3, அவேக்கண்ட்: இப்போது திரும்ப ஆடினால் எப்படி இருக்கிறது? (கதை முடிவும் பேசப்படும்)

தேக்கா_திலீபன்

2023 ஜனவரியில் விண்வெளித் திகில் ஆட்டத் தொடரான டெட் ஸ்பேஸின் முதல் பாகத்துக்கு மறுஆக்கம் வந்ததிலிருந்து, தொடரை வரிசையாக ஆடி முடிக்கிறவர்கள் கூடிவிட்டார்கள். இரண்டாவது முடிந்ததும் எல்லாரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள்: மூன்றாவதைத் தொடலாமா, வேண்டாமா? 2013 பிப்ரவரியில் அது வந்தபோது சொன்ன தீர்ப்பையே இன்னும் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். "இரண்டு பேர் ஆடுகிற ஆட்டத்தில் பயம் எங்கிருந்து வரும்? கோ-ஆப்தான் கெடுத்தது."

எனக்கு அந்தத் தீர்ப்பு சரியாகப் படவில்லை. பயத்தைக் கெடுத்தது கூட வந்த ஆள் அல்ல, தோட்டா.

முதல் இரண்டு பாகங்களில் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி அம்மோ, அதாவது தோட்டா. நான்கு ஆயுதம் வரை தூக்கலாம். நீங்கள் என்ன தூக்குகிறீர்கள் என்று பார்த்துத்தான் ஆட்டம் அம்மோவை உதிர்க்கும். பிளாஸ்மா கட்டர் காலியானால் பிடிக்காத ஆயுதத்தைக் கையில் எடுத்தே ஆக வேண்டும். லைன் கன்னில் மூன்று குண்டு, ரிப்பரில் ஒரு தகடு, எதிரே கத்திக் கையோடு இரண்டு ஸ்லாஷர். எதை எதற்குச் செலவழிப்பது என்று கணக்குப் போடும் அந்த இரண்டு நொடிதான் டெட் ஸ்பேஸ். மூன்றாவதில் எல்லாத் துப்பாக்கிக்கும் பொதுவாக ஒரே தோட்டாப் பொதி (கிளிப்). பிடித்த ஆயுதம் பட்டினி கிடப்பதே இல்லை. வீரரை இப்படிப் பலமாக்கிய பிறகு எதிரிகளுக்கு ஈடுகட்ட வேண்டாமா? வேகத்தைக் கூட்டினார்கள், எண்ணிக்கையைக் கூட்டினார்கள், முன்னாலும் பின்னாலும் ஒரே நேரத்தில் அனுப்பினார்கள். இந்தத் தொடரில் எதிரியைக் கைகால் அறுத்துத்தான் வீழ்த்த வேண்டும், ஆனால் பாய்ந்து வருகிறவனின் கையைக் குறிபார்த்து அறுக்க நேரம் ஏது? உடம்பைப் பார்த்துப் பொழிவதுதான் மிச்சம்.

ஆக, தனியாக ஆடினாலும் பயம் குறைவுதான். கோ-ஆப்பை எடுத்துவிட்டால் ஆட்டம் சரியாகிவிடும் என்கிற வாதம் அங்கேயே உடைகிறது.

அதே ஆட்டத்தில் தோட்டாவை இறுக்கிப் பிடிக்கும் முறை ஒன்றும் இருக்கிறது: பியூர் சர்வைவல். ஒருமுறை கதையை முடித்தால்தான் திறக்கும் என்பதால் பெரும்பாலோர் அதைத் தொடாமலே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். மூன்றாவதற்குப் பிறகு தனியாக விற்ற கூடுதல் கதைப் பொதியான அவேக்கண்ட் டிஎல்சியையும் சேர்த்துப் பேசுவோம். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் தாராளமாக வரலாம்.


உட்லண்ட்ஸ்_வேலு

திலீபன் அண்ணே, அம்மோ விஷயத்தில் முழு உடன்பாடு. ஆனால் கோ-ஆப்பை அவ்வளவு சுலபமாக விடுதலை பண்ணிவிட முடியாது.

அறைகளைப் பாருங்கள். முதல் பாகத்துக் கப்பலான இஷிமுராவில் இரண்டு பேர் பக்கம் பக்கமாக நடக்க முடியாத நடைபாதைகள் இருந்தன. இதில் அறை, கூடம், பனிவெளி எல்லாமே இரண்டு உடம்பும் நான்கு எதிரியும் சுற்றிச் சுழல இடம் வைத்துக் கட்டப்பட்டவை. தனியாக ஆடினால் அந்த அகலம் உங்களுக்கு ஓட வழி தருகிறது. ஓட வழி இருந்தால் பயம் பாதியாகிவிடும்.

இன்னொன்று கார்வர், கோ-ஆப்பில் இரண்டாமவர் ஆடும் பாத்திரம். தனி ஆட்டத்தில் அவர் காட்சிகளில் மட்டும் வருகிறார். "நீ இப்படிப் போ, நான் அப்படி வருகிறேன்" என்று பிரிகிறார், அடுத்த கதவைத் திறந்தால் அங்கே நிற்கிறார். எப்படி வந்தார், வழியில் எதைச் சந்தித்தார் என்று எதுவும் தெரியாது. சார்ஜண்ட் ஜான் கார்வர் மனைவி தமாராவையும் மகன் டிலனையும் இழந்தவர், அந்தக் குற்ற உணர்வில் உருக்குலைகிறவர். கதையிலேயே மிகக் கனமான பாத்திரம் அவர்தான். தனியாக ஆடுகிறவனுக்கு அவர் முறைத்துக்கொண்டே வந்து போகிற ஒரு சிப்பாய், அவ்வளவுதான். இது கோ-ஆப் கட்டமைப்பு செய்த சேதம். தோட்டாவின் தலையில் இதைக் கட்ட முடியாது.


செங்காங்_செல்வி

வேலு சொன்னதையே திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். கார்வர் தனி ஆட்டத்தில் வெறும் நிழல் என்றால், அவருடைய கதை எங்கே போனது? இரண்டு பேர் ஆடினால் மட்டும் திறக்கும் மூன்று பக்கப் பணிகளுக்குள் போனது. தனியாக ஆடுகிறவனுக்கு அந்தக் கதவுகள் கடைசி வரை பூட்டு. இந்தத் தொடரில் மூன்று பாகத்தையும் சேர்த்துப் பார்த்தாலும் வித்தியாசமான பயம் அந்த மூன்று பணிகளில்தான் இருக்கிறது என்று நான் சொல்வேன்.

அந்தப் பயம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் அதன் மதிப்பு புரியும். இரண்டு திரையும் ஒரே காட்சியைக் காட்டுவதில்லை. சிஎம்எஸ் புருசிலோ என்ற கப்பலில் கார்வரை ஆடுகிறவர் கண்ணுக்குப் பொம்மைச் சிப்பாய் தெரியும். நாயகன் ஐசக்கை ஆடுகிறவர் அதே இடத்தில் நிற்பார், அங்கே ஒன்றும் இருக்காது. கார்வர் மயக்கத்துக்குள் இழுக்கப்படும்போது அவர் திரையில் முழுதாக வேறொரு இடம், அங்கே தனியாகச் சண்டை போட்டாக வேண்டும். ஐசக்கின் திரையில் கார்வர் நின்ற இடத்தில் செயலற்று நிற்கிறார், நெக்ரோமார்ஃப்கள் (பிணங்கள் உருமாறிய எதிரிகள்) நிஜமாகவே வருகின்றன, அந்த உடம்பை ஐசக் காவல் காக்க வேண்டும். ஹெட்செட்டில் ஒருவர் "என்னடா பார்க்கிற, அங்க ஒண்ணும் இல்லையே" என்பார். மற்றவருக்குப் பதில் சொல்லத் தெரியாது. பக்கத்தில் இருப்பவன் சொல்வதை நம்புவதா, வேண்டாமா என்கிற சந்தேகம் தனி ஆட்டத்தில் பிறக்கவே பிறக்காது. இரண்டு பேர் இருந்தால்தான் இந்தப் பயமே.

இதை முழுதாக அனுபவிக்கச் சில வழிகள்:

யார் கார்வர் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். கதை தெரியாதவர், இதுவரை ஆடாதவர் கார்வரை எடுக்கட்டும். தெரிந்தவர் ஐசக் ஆகிக் காவல் காக்கட்டும். மாறிப் போட்டால் பாதி வீண், ஏனென்றால் காட்சிகள் எல்லாம் கார்வர் பக்கம்தான்.

ஒருவர் திரையை மற்றவர் பார்க்கக் கூடாது. ஒரே அறையில் இரண்டு கணினி வைத்து ஆடினால் முதுகோடு முதுகாக உட்காருங்கள். டிஸ்கார்டில் திரைப் பகிர்வைப் போட்டுவிட்டால் எல்லாமே கெட்டது.

பக்கப் பணியைக் கண்டதும் செய்யுங்கள். "கதையை முடித்துவிட்டு வரலாம்" என்று தள்ளினால் கார்வரின் சிதைவு வரிசை தப்பிவிடும். பிறகு முதன்மைக் கதையில் அவர் பேசும் வசனங்களுக்கும் பொருள் இருக்காது.

வேலு சொல்கிற குறை உண்மைதான். ஆனால் கோ-ஆப் வைத்ததைக் குறை சொல்ல மாட்டேன். இந்த உத்தி ஆட்டம் முழுக்க வந்திருக்க வேண்டும். 19 அத்தியாயத்தில் மூன்று பக்கப் பணியோடு முடக்கிவிட்டார்களே, அதுதான் குறை.


பிடோக்_மணி

நான் புதுசு. ஆயுதம் கட்டும் பென்ச்சில் நின்றால் தலை சுற்றுகிறது. ஃபிரேம், கோர், டிப், சர்க்யூட் என்று என்னென்னமோ. அண்ணன்களே, அக்கா, முதலில் எதைச் செய்வது? எதைத் தொடாமல் இருப்பது?


ஜூரோங்_கதிர்

மணி, ஆயுதத்தை நான்கு அடுக்காகப் பாருங்கள், குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் ஃபிரேம். ஒரு கைக்கு அடங்கும் காம்பாக்ட் ஒன்று, இரண்டு கைக்கான ஹெவி இன்னொன்று. அதன் மேல், கீழ் என்று இரண்டு இடத்தில் கருவியைப் பொருத்தலாம், அதனால் ஒரே துப்பாக்கியில் இரண்டு ஆயுதம். இரண்டாவது இந்தக் கருவி: பிளாஸ்மா கோர், மிலிட்டரி என்ஜின் மாதிரியான இதயப் பகுதி. அதற்கு முன்னால் மாட்டும் டிப்தான் குண்டு எப்படிப் பாயும் என்பதைத் தீர்மானிக்கிறது. காம்பாக்ட் ஃபிரேமில் பிளாஸ்மா கோர் மாட்டினால் நம்ம பழைய பிளாஸ்மா கட்டர். மிலிட்டரி என்ஜினுக்குக் கோனிக் டிஸ்பெர்சல் டிப் போட்டால் ஷாட்கன். மூன்றாவது, கோட்டிங், சேஃப்டி கார்ட் போன்ற அட்டாச்மென்ட். நான்காவது சர்க்யூட்: டேமேஜ், ரீலோட், கிளிப், ஸ்பீட் என்ற நான்கு எண்களை ஏற்றுவது.

புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள்:

சர்க்யூட்டை நான்கு பக்கமும் சமமாகப் பரப்புவது. எதிரிகள் வேகமாக வருகிற ஆட்டத்தில் ரீலோட் ஆகும் நேரத்தில்தான் அடி விழும். முதல் ஆயுதத்தில் டேமேஜும் ரீலோடும் மட்டும் ஏற்றுங்கள். கிளிப் எண்ணிக்கையைப் பிறகு பார்க்கலாம்.

இரண்டு துப்பாக்கியையும் தூரத்துக்கு என்றே கட்டுவது. மொத்தம் இரண்டுதான் தூக்க முடியும். நான்கு கருவியில் ஒன்றாவது கிட்டே வந்தவனைத் தள்ளிவிடுவதாக இருக்கட்டும். பிளாஸ்மா கட்டருக்குக் கீழே ஃபோர்ஸ் கன் வகை ஒன்று இருந்தால் மூலையில் மாட்டினாலும் பிழைப்பீர்கள்.

ராக்கெட் வகையைச் சேஃப்டி கார்ட் இல்லாமல் மாட்டுவது. சிறிய அறையில் உங்கள் வெடியே உங்களைக் கொன்றுவிடும்.

டங்ஸ்டனைக் கண்டபடி செலவழிப்பது. டார்க் பார் செய்ய அதுதான் வேண்டும். டார்க் பார் இல்லாமல் திறக்காத பூட்டு அறைகள் வழியெல்லாம் இருக்கின்றன, நல்ல சரக்கு அங்கேதான். எப்போதும் ஒன்றிரண்டுக்கான டங்ஸ்டன் கையிருப்பில் இருக்கட்டும்.

சரக்குத் தேடும் சிறு இயந்திரமான ஸ்கேவெஞ்சர் போட்டை மறப்பது. கையில் இருக்கும்போது சமிக்ஞை ஒலி கூடும் இடத்தைத் தேடி விடுங்கள். சுமார் 10 நிமிடத்தில் பென்ச்சுக்குச் சரக்கைக் கொண்டு வந்து சேர்க்கும், ரேஷன் சீலும் சில சமயம் கிடைக்கும். அந்தச் சீலைக் கொடுத்துச் சரக்குப் பொட்டலம் வாங்கலாம். நிஜப் பணம் கொடுத்து வாங்கச் சொல்கிற பொத்தானும் அங்கேயே இருக்கும். அதைத் தொடவே தேவையில்லை. போட்டை ஒழுங்காக விட்டால் ஒரு வெள்ளி செலவழிக்காமல் கடைசி வரை போகலாம்.

தொடாமல் இருக்க வேண்டியது என்று கேட்டால் என் பதில் ஸ்டேசிஸ் கோட்டிங். வேகமாகச் சுடும் ஆயுதத்தில் அதை மாட்டினால் குண்டு பட்டவன் எல்லாம் மெதுவாகிவிடுவான். எதிரியை மெதுவாக்கும் சக்தியான ஸ்டேசிஸை எப்போது செலவழிப்பது என்ற யோசனையே இல்லாமல் போகும். ஆட்டத்தில் மிச்சமிருக்கும் பதற்றத்தையும் அது தின்றுவிடுகிறது. முதல் முறை ஆடுகிறவர் அது இல்லாமல் ஆடினால்தான் திலீபன் சொல்கிற அந்த இரண்டு நொடி கொஞ்சமாவது கிடைக்கும்.


பிடோக்_மணி

நன்றி அண்ணே. கோ-ஆப்பில் சரக்கைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டுமா?


ஜூரோங்_கதிர்

வேண்டாம். கீழே விழும் சரக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனி. நீங்கள் எடுத்தால் மற்றவருக்குக் குறையாது. இரண்டு பேரில் ஒருவர் அம்மோ சப்போர்ட் அட்டாச்மென்ட்டும் மற்றவர் மெடிக் சப்போர்ட்டும் மாட்டிக்கொண்டால் ஒருவர் பயன்படுத்துவது மற்றவருக்கும் போய்ச் சேரும். கடினமான நிலையில் இந்த ஜோடிதான் உயிர். நீங்கள் கட்டிய ஆயுதத்தின் வரைபடத்தையும் கூட ஆடுகிறவருக்குக் கொடுக்கலாம்.


உட்லண்ட்ஸ்_வேலு

கதிர் சொல்வதிலேயே என் வாதம் இருக்கிறது, கவனித்தீர்களா? சரக்கு குறையாது, அம்மோ பகிர்ந்துகொள்ளலாம், விழுந்தால் மற்றவர் தூக்கிவிடலாம். மூன்றுமே கோ-ஆப்புக்காக வைத்தவை. தோட்டா பொதுவானதே கோ-ஆப்பினால்தான் என்று நினைக்கிறேன். இரண்டு பேர் நான்கு துப்பாக்கியில் எட்டுக் கருவி கட்டினால் ஒவ்வொன்றுக்கும் தனி அம்மோ உதிர்ப்பது நடக்கிற காரியமா?


தேக்கா_திலீபன்

எட்டுக் கருவி வந்தது பென்ச்சினால். கோ-ஆப்பே இல்லாமல் இதே பென்ச் இருந்திருந்தாலும் ஒருவர் கையில் நான்கு கருவி, நூற்றுக்கணக்கான சேர்க்கை. தனி அம்மோ அப்போதும் சாத்தியமில்லை. பென்ச் ஏன் வந்தது என்று பாருங்கள். 2012 ஜூனில் ஆட்டத்தை வெளியிட்ட இஏ நிறுவனத்தின் ஃபிராங்க் கிபோ வெளிப்படையாகவே சொன்னார், இந்தத் தொடரில் தொடர்ந்து முதலீடு செய்ய 50 லட்சம் பேர் அளவுக்கு ஆட்கள் வேண்டும் என்று. பயந்து ஓடுகிறவர்களையும் உள்ளே இழுக்க வேண்டும், சரக்கு விற்கவும் இடம் வேண்டும். சரக்கை விற்க வேண்டுமானால் எல்லாரும் ஒரே சரக்கைச் சேர்க்கிற மாதிரி ஒரு பொருளாதாரம் தேவை. பென்ச்சும் பொதுத் தோட்டாவும் அங்கே பொருந்துகின்றன என்பது என் வாசிப்பு.

பியூர் சர்வைவலுக்கு வருகிறேன். அதில் எதிரி செத்தால் தோட்டாவோ மருந்துப் பொதியோ விழாது, மூலப்பொருள் மட்டும் விழும். எல்லாவற்றையும் பென்ச்சில் நீங்களே செய்ய வேண்டும். அப்போது என்ன ஆகிறது? ஸ்கிராப் மெட்டலைத் தோட்டாவாக்குவதா, துப்பாக்கியை ஏற்றுவதா? சோமாட்டிக் ஜெல்லை மருந்தாக்குவதா, ரிக் உடைக்குக் கொடுப்பதா? ஒரு பென்ச்சுக்கும் அடுத்த பென்ச்சுக்கும் இடையில் கையில் இருப்பதுதான் உயிர். முதல் பாகத்தின் அந்தக் கணக்கு வேறு உருவத்தில் திரும்பி வந்துவிட்டது. கையை அறுத்து, கைனிசிஸால் (பொருளைத் தூரத்திலிருந்து இழுத்து எறியும் சக்தி) அந்தக் கையையே எடுத்துத் திருப்பி எறிந்து தோட்டாவை மிச்சம் பிடிக்கிற பழைய பழக்கமும் தானாக வரும்.

மணி மாதிரி புதியவர்களுக்கு: இந்த முறையில் பென்ச்சை விட்டுக் கிளம்பும்போது மருந்து குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, ஸ்டேசிஸ் நிரம்பியிருக்க வேண்டும். வேஸ்டர்களை, அதாவது கோடரியோடு வரும் பழைய சிப்பாய்களை, மேல் உடம்பில் சுட்டு வீணாக்காதீர்கள். மேல்பாதி சிதைந்தால் அதற்குள்ளிருந்து வேறொன்று கிளம்பும், இரட்டைச் செலவு. ஸ்டேசிஸ், கைகால், மிதி. இதுதான் மலிவு. ஃபீடர்கள் கூட்டமாக இருக்கும் இருட்டறையில் டார்ச்சை அவற்றின் மேல் அடிக்காமல் ஓரமாக நடந்தால் ஒரு குண்டும் செலவாகாது. சாதாரண முறையில் எல்லாரும் சுட்டுத் தள்ளிவிட்டுப் போகும் அறை அது. பியூர் சர்வைவலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டியிருக்கும்.

கிளாசிக் முறையும் நல்லது. பழைய ஆயுதங்கள் மட்டும், கோ-ஆப் கிடையாது. ஹார்ட்கோர் செத்தால் முதலிலிருந்து, அதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.


செங்காங்_செல்வி

மூன்றாம் அத்தியாயத்திலிருந்து ஆறாம் அத்தியாயம் வரையிலான சுற்றுப்பாதைப் பகுதியைப் பற்றி யாருமே பேசவில்லையே! ரோனோக், டெர்ரா நோவா, கிரீலி என்று 200 ஆண்டுப் பழைய கப்பல்களின் குப்பைக் களம். காற்று இருக்கும் வரை எந்தக் கப்பலுக்கும் மிதந்து போகலாம், விருப்பப்பட்டதைத் தேடலாம். உங்கள் அறை விளக்கை அணைத்துவிட்டு உலோகம் முனகுகிற சத்தத்தை மட்டும் கேளுங்கள். ஜேசன் கிரேவ்ஸும் ஜேம்ஸ் ஹானிகனும் இசையமைத்த பகுதிகளில் இங்கேதான் அமைதிக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறார்கள். முதல் அத்தியாயத்தின் நிலவுக் குடியிருப்பில் யூனிட்டாலஜிஸ்டுகள் என்ற மதவெறிக் கூட்டத்தோடு துப்பாக்கிச் சண்டை போட்டுவிட்டு "இது டெட் ஸ்பேஸே இல்லை" என்று வைத்துவிட்டவர்கள் இந்தப் பகுதியைப் பார்க்கவே இல்லை.

பனிக்கோளான டாவ் வொலாண்டிஸில் இறங்கிய பிறகு எட்டாம் அத்தியாயத்தின் குளிர் நன்றாக ஆரம்பிக்கிறது. உடல்வெப்பம் இறங்கிக்கொண்டே இருக்கும், நெருப்புக்கு நெருப்பு ஓட வேண்டும். ஆனால் பனி உடை கிடைத்ததும் அந்த யோசனையையே கைவிட்டுவிட்டார்கள். உடை கிடைத்தாலும் உறைபனிப் புயலில் மட்டுமாவது திரும்ப வந்திருக்கலாம். அதன் பிறகு நீளம் தெரிகிறது. அன்னிய நகரத்துக்குள் போகும்போது களைப்பே வருகிறது.


தெம்பனிஸ்_நிலா

அவேக்கண்ட் பற்றி நான் எழுதுகிறேன்.

2013 மார்ச் 12, அதாவது ஆட்டம் வந்த அடுத்த மாதமே வந்தது. விலை 10 அமெரிக்க டாலர். ஆடினால் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். இரண்டாம் பாகத்தின் செவர்டு டிஎல்சியோடு ஒப்பிட வேண்டும். அது இரண்டு அத்தியாயம், வேறு நாயகன், கணினிக்கு வரவே இல்லை. அவேக்கண்ட் கணினிக்கும் வந்தது, கோ-ஆப்பும் உண்டு, உங்கள் ஆயுதங்கள் அப்படியே உள்ளே வரும். அந்த வகையில் நியாயமான பொதி.

கதை: முதன்மை ஆட்டத்தின் முடிவில் நிலவை (நிலவு அளவுக்கு வளர்ந்த ராட்சத நெக்ரோமார்ஃப்) வீழ்த்தியதில் செத்துவிட்டதாக நினைத்த ஐசக்கும் கார்வரும் டாவ் வொலாண்டிஸில் கண் விழிக்கிறார்கள். தங்கள் உடம்பைத் தாங்களே அறுத்துச் சிதைத்துக்கொண்ட யூனிட்டாலஜிஸ்டுகளின் ஒரு கூட்டம் அங்கே. தப்பிக்க வழி சுற்றுப்பாதையில் இருக்கும் டெர்ரா நோவாவின் ஷாக்பாயின்ட் டிரைவ், அதாவது நெடுந்தூரம் தாவும் இயந்திரம்.

இதில் என்ன சரி செய்திருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். மனிதர்களோடு நீண்ட துப்பாக்கிச் சண்டை குறைந்துவிட்டது. அறைகள் சிறியவை, இருட்டு கூடுதல். மாயத்தோற்றங்கள் பக்கப் பணிக்குள் ஒளியாமல் முதன்மைப் பாதைக்கே வந்துவிட்டன. நடந்துகொண்டிருக்கும்போதே காட்சி கிழிகிறது, சத்தம் உடைகிறது, எதிரே நிற்பது உண்மையா என்று தெரியாமல் சுட வேண்டும். செல்வி அக்கா சொன்ன "இது ஆட்டம் முழுக்க வந்திருக்க வேண்டும்" என்பதற்கு அவேக்கண்ட் ஒரு மாதிரிப் பாடம்.

ஐசக்குக்கும் கார்வருக்கும் நடக்கும் வாக்குவாதம் எனக்கு இன்னும் பிடிக்கும். பூமிக்குத் திரும்பி எச்சரிக்க வேண்டும் என்கிறார் ஒருவர். நாம் திரும்பினால் நம் மூளைக்குள் இருப்பதே அவற்றுக்கு வழிகாட்டிவிடும் என்று அஞ்சுகிறார் மற்றவர். 19 அத்தியாயத்தில் இவர்கள் இருவருக்கும் இவ்வளவு கூர்மையான உரையாடல் வாய்க்கவில்லை. கடைசியில் பூமியை அடைகிறார்கள், யாரும் பதில் சொல்வதில்லை, அந்த ராட்சத நிலவுகள் ஏற்கெனவே வந்துவிட்டன. சமரசமே இல்லாத முடிவு.

குறைகள்: இடங்கள் பெரும்பாலும் முதன்மை ஆட்டத்தில் நடந்தவை. வளர்த்த ஆயுதங்களோடு நுழைவதால் எதிரிகள் தாக்குப்பிடிப்பதே இல்லை. சாதாரண நிலையில் இது உலாவல்தான். இம்பாசிபிள் நிலையில், ஸ்டேசிஸ் கோட்டிங் இல்லாமல், வெறும் பிளாஸ்மா கட்டரும் ஒரு ஷாட்கன்னும் வைத்து ஆடிப் பாருங்கள். அந்தக் கூட்டத்தின் தலைவனோடு நடக்கும் சண்டையில் அப்போதுதான் உண்மையான நெருக்கடி இருக்கும்.


உட்லண்ட்ஸ்_வேலு

நிலா சொன்ன தரத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதுவேதான் என் கோபம். ஆட்டத்தின் உண்மையான முடிவை அடுத்த மாதம் தனியாக விற்றார்கள். முதன்மை ஆட்டம் முடிந்ததும் பெயர்ப்பட்டியலுக்குப் பிறகு ஐசக்கின் ஒற்றைக் குரல், அவ்வளவுதான். முழு விலை கொடுத்து வாங்கியவனுக்குக் கதை பாதியில். அதற்குப் பிறகு நான்காம் பாகமும் வரவில்லை, 2017 அக்டோபரில் ஆட்டத்தை உருவாக்கிய விசரல் ஸ்டூடியோவே மூடப்பட்டது. பூமிக்கு என்ன ஆனது என்று சொல்லும் ஒரே இடம் அந்தப் பத்து டாலர் பொதி. கதையின் கடைசிப் பக்கம் தனி விலைக்குப் போகக் கூடாது, எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும்.


தெம்பனிஸ்_நிலா

விற்ற முறை தப்புதான், அதில் வாதமே இல்லை. இப்போது ஆடப் போகிறவருக்கு ஆடத் தகுந்ததா என்பதற்குத்தான் என் பதில். இன்று வாங்குகிறவர் இரண்டையும் சேர்த்தே ஒரே மாலையில் தொடர்ந்து ஆட வேண்டும். இடைவெளி விட்டால் அவேக்கண்ட் ஒட்டாது.


பிடோக்_மணி

எந்தக் கருவியில் வாங்குவது? பழைய பொருள் விற்கும் கேரோசல் தளத்தில் பழைய பிஎஸ்3 தட்டு மலிவாகக் கிடக்கிறது. நண்பர் சென்னையில் இருக்கிறார், இன்னொருவர் தேசியச் சேவையில் இருக்கிறார், வெள்ளி இரவுதான் வெளியே வருவார்.


ஜூரோங்_கதிர்

பிஎஸ்3 தட்டு பிஎஸ்4-லும் பிஎஸ்5-லும் ஓடாது. பழைய பெட்டி வைத்திருந்தால் மட்டும் வாங்குங்கள். எக்ஸ்பாக்ஸ் 360 தட்டு வாங்கினால் தட்டு போடும் வசதியுள்ள புதிய எக்ஸ்பாக்ஸில் பின்னோக்கு இணக்கத்தில் ஓடும். எந்தக் கருவியானாலும் இரண்டு பேரும் ஒரே கருவியில் இருக்க வேண்டும், ஒருவர் கணினி மற்றவர் எக்ஸ்பாக்ஸ் என்றால் சேர முடியாது. திரையைப் பிரித்து ஒரே வீட்டில் ஆடும் வசதி எந்தப் பதிப்பிலும் இல்லை, இணையம் வழியாக மட்டும்தான். அதனால் காசு கொடுப்பதற்கு முன் இரண்டு பேரின் இஏ கணக்கும் ஒன்றையொன்று நண்பர் பட்டியலில் பார்க்கிறதா என்று சரிபாருங்கள். பெரும்பாலான சிக்கல் அங்கேதான்.

கணினியில் ஆடினால் ஆட்டத்துக்குள் இருக்கும் விசிங்கை (ஃபிரேமைத் திரையோடு ஒத்திசைக்கும் அமைப்பு) அணைத்துவிட்டு, வீடியோ கார்ட் மென்பொருளில் விசிங்கைப் போட்டு 60 ஃபிரேமுக்குக் கட்டுங்கள். இந்தத் தொடரின் கணினிப் பதிப்புகளில் மவுஸ் இழுவைக்குப் பழைய மருந்து இதுதான். கன்ட்ரோலர் இருந்தால் இன்னும் நிம்மதி.

ஆள் பாதியில் வந்து சேர்ந்தால் நடத்துகிறவரின் கடைசிச் செக்பாயின்ட்டிலிருந்து ஆட்டம் மறுபடி ஏறும். அதனால் செக்பாயின்ட் தாண்டிய உடனே அழைப்பு அனுப்புங்கள், இல்லாவிட்டால் நடந்த தூரம் போய்விடும். சென்னை நண்பருக்குச் சிங்கப்பூரில் இருக்கும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். இங்கே இரவு 11 மணி என்றால் அவருக்கு 8.30 தான், இரவுச் சாப்பாட்டு நேரம். தேசியச் சேவைத் தம்பியை வெள்ளி இரவு கார்வராக வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒருநாள்தான் வருவார் என்பதால் மூன்று கோ-ஆப் பணிகளையும் அவருக்காகவே ஒதுக்கிவையுங்கள். நடுவில் சென்னை நண்பரோடு வேறு சேமிப்பில் அவேக்கண்டை ஆட வேண்டாம், முடிவு வெளியே வந்துவிடும்.


செங்காங்_செல்வி

கதிர், ஒரு திருத்தம். கோ-ஆப் பணிகளை ஒதுக்கிவைத்தால் வரிசை தப்பும் என்று மேலே சொன்னேனே. வெள்ளி இரவுத் தம்பி வரும் வரை முதன்மைக் கதையையே நகர்த்தாமல் நிறுத்திவைப்பதுதான் சரி. வார நாட்களில் மணி தனியாகப் பழைய கப்பல்களில் தனியாள் பக்கப் பணிகளைச் செய்து சரக்குச் சேர்க்கட்டும்.


தேக்கா_திலீபன்

அப்படியே செய்யுங்கள் மணி. முதல் சுற்று சாதாரண முறைக்குப் பதிலாக ஹார்டில், ஸ்டேசிஸ் கோட்டிங் இல்லாமல், தம்பி கார்வர். முடிந்த அன்றே அவேக்கண்ட். இரண்டாம் சுற்றைத் தனியாகப் பியூர் சர்வைவலில் தொடங்கி, சுற்றுப்பாதைப் பகுதி முடியும் வரை மட்டும் ஆடிவிட்டு இங்கே வந்து எழுதுங்கள். தோட்டாவா கோ-ஆப்பா என்று எனக்கும் வேலுவுக்கும் இருக்கும் வழக்கில் உங்கள் சாட்சி வேண்டும்.


உட்லண்ட்ஸ்_வேலு

சாட்சி சொல்ல வரும்போது அறைகளின் அகலத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள் மணி. பியூர் சர்வைவலிலும் ஓட வழி இருந்ததா என்று எனக்குத் தெரிய வேண்டும்.


பிடோக்_மணி

சரி அண்ணே. எக்ஸ்பாக்ஸ் 360 தட்டு ஒன்று பார்த்துவைத்திருக்கிறேன். பழைய தட்டுக்கு ஆன்லைன் பாஸ் வேண்டும் என்று விற்பவர் சொல்கிறார், உண்மையா?


ஜூரோங்_கதிர்

பழைய தட்டு வாங்குகிறவர் இணையத்தில் ஆடத் தனியாகக் காசு கட்டும் அந்தப் பாஸ் 2013 கதை. அந்த ஆண்டு மே மாதமே இஏ அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. பாஸ் என்று சொல்லிக் கூடுதல் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அவேக்கண்ட் அந்தத் தட்டில் இருக்காது, அதை மட்டும் கடையில் தனியாக வாங்க வேண்டும். தட்டில் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.